முதல் குப்பி

என் கைப்பேசியில் நானூற்றுப் பதினோரு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தியையும் வெறும் பெயரில் நான் சேமித்ததில்லை. ‘திலகா 40 கை 9’, ‘மோகனா 34 பின்கழுத்து இறக்கம்’, ‘உஷா 36 கை 12’. சுங்கை பெசாரிலிருந்து சுங்கை ஆயர் தாவார் வரை, மலேசியாவின் செம்பனை மரங்களுக்குள் ஒளிந்து கிடக்கும் ஒவ்வொரு தோட்டத்திலும் யாருக்கு மார்பளவு எத்தனை, யாருக்கு எந்தப் பிள்ளைக்குப் பிறகு இடுப்பு கூடியது என்பது எனக்குத் தெரியும். கட்டிய புருஷன்மாருக்கே அவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

கிள்ளானில் ஒரு ஜவுளிக்கடைக்குள் பிறந்து, சுங்கை பெசாரில் இன்னொரு ஜவுளிக்கடைக்குள் வாழ்க்கைப்பட்டவள் நான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. மகள் பிரேமலா ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் திரையில் வந்து, “சாப்பிட்டியாம்மா” என்று கேட்டுவிட்டு என் பதில் முடிவதற்குள் பிள்ளையை அதட்டப் போய்விடுவாள். கடையில் இப்போது நானும் இரண்டு பொம்மைகளும்தான். தினமும் காலையில் அவற்றுக்குச் சேலை கட்டிவிடுவேன். விலையைக் குறைக்கச் சொல்லாது, சாயம் போய்விட்டது என்று திரும்பி வராது. தங்கமான பொம்மைகள். சாயங்காலம் கதவை இழுத்துச் சாத்திய பிறகுதான் அவற்றின் ஒரே குறை தெரியவரும்.

எங்கள் தொழிலில் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, போணி. அன்றைய முதல் வியாபாரம் நல்ல கையால் நடந்துவிட்டால் பிறகு கூட்டம் தானாக வரும். போணியாகாத கடையில் யாருமே நுழைய மாட்டார்கள். இன்னொன்று, ஒரு வசனம்: “இதே சேலையில எனக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்மா.” அப்படி எடுத்து வைத்திருந்தால் என் வீட்டில் மூவாயிரம் சேலை இருக்க வேண்டும். அதைப் பொய் என்று நாங்கள் சொல்வதில்லை. துணியை உதறிக் காட்டுவதைப் போல அதுவும் ஒரு கைப்பழக்கம்.

அரசாங்க கிளினிக்கில் நர்ஸாக வேலை செய்யும் மிஸ்ஸி ஷாமளா ரவிக்கை வாங்க வந்த இடத்தில்தான் பேச்சு ஆரம்பித்தது.

“அக்கா, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு டெஸ்ட் இருக்கு. ஃப்ரீ. முப்பதுக்கு மேல அறுபத்தஞ்சு வரைக்கும் எடுக்கலாம். தோட்டத்துலேர்ந்து ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க.”

“டாக்டர் முன்னால படுக்கணும்ல. யார் வருவா?”

“இப்ப அதெல்லாம் வேணாங்கா. ஒரு மெல்லிசு பிரஷ், ஒரு குப்பி. பாத்ரூமுக்குள்ள போய் அவங்களே எடுத்துக் குடுக்கலாம். ரெண்டு நிமிஷம். நோயைத் தேடுறது இல்ல, நோயைக் கொண்டு வர்ற கிருமி இருக்கான்னு பாக்குறது. முன்னாடியே தெரிஞ்சா ஒண்ணுமில்லாம பண்ணிடலாம். நாங்க சொன்னா ஓடுறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

புகழ்ச்சி என்று தெரிந்தேதான் மயங்கினேன். விற்க முடியாத சரக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கை அரிக்கும்.

ஒரு வாரம் வேனில் சேலையோடு இதையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்வந்தேன். திலகாவைப் பிடிப்பதுதான் பெரிய வேலை. அவள் ஒருத்தி சரி என்றால் தோட்டமே சரி.

“எனக்கென்ன நோயா வந்திருக்கு? நல்லாத்தானே இருக்கேன்” என்றாள் திலகா.

“நல்லா இருக்கிறவங்களுக்குத்தான் இது. நோய் வந்தவளுக்கு வேற டெஸ்ட்.”

“ஃப்ரீயா குடுக்கிறான்னா ஏதோ வில்லங்கம் இருக்கு.”

“சரி, முப்பது வெள்ளி எடு. நான் கொண்டு போய் அவங்ககிட்ட கட்டிடுறேன்.”

“ஃப்ரீன்னே சொன்னீங்க!”

“அப்ப ஃப்ரீயாவே எடு லா.”

பதினைந்து பேர் சேர்ந்தார்கள், என்னையும் சேர்த்து. எனக்கு ஐம்பத்து நான்கு வயது. கணக்குக்கு நானும் உள்ளேதான்.

ஒரு சனிக்கிழமை காலை, தோட்டத்துப் பாலர்பள்ளியில் மிஸ்ஸி ஷாமளா மேசை போட்டாள். பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி பவுடர் பூசிக்கொண்டு. ஆளுக்கொரு பாரத்தில் பெயர், விலாசம் எல்லாம் எழுதி நிரப்பினோம். கடைசியில் ஒரு கட்டம்: அவசரம் என்றால் யாரை அழைப்பது. மற்றவர்கள் மளமளவென்று புருஷன் பெயர், மகன் பெயர் எழுதினார்கள். எனக்குப் பேனா நின்றது. பெர்த் எண்ணை எழுதினால், அவள் விமானம் ஏறி வருவதற்குள் அவசரம் முடிந்துவிடும். கடை எண்ணை எழுதினேன். அதை எடுத்துப் பேசப் போவதும் நான்தான்.

குப்பிகள் மேசையில் வரிசையாக நின்றன. யாரும் எழவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

“நாகமணிக்கா, நீங்க போணி பண்ணுங்க” என்றாள் திலகா. எல்லாரும் சிரித்தார்கள்.

எழுந்து போனேன். பாலர்பள்ளிக் கழிவறை குழந்தைகளுக்காகக் கட்டியது. முழங்கால் உயரத்துக்குப் பீங்கான். சுவரில் மஞ்சள் வாத்துகள் வரிசையாக நீந்திக்கொண்டிருந்தன. தாழ்ப்பாள் போட்டுவிட்டு, உறையைப் பிரித்து, பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பயம் என்று சொல்ல மாட்டேன். நான் நினைத்தது இதுதான்: ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருக்கும்போது கைப்பேசியில் செய்தி வரும். இருக்கிறது என்று வரும். அதைப் படித்துவிட்டு நான் நிமிர்ந்தால் எதிரே யார் இருப்பார்கள்? இரண்டு பொம்மைகள், நான் கட்டிவிட்ட சேலையோடு.

தெரியாமலே இருந்துவிட்டால் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

வாத்துகளை எண்ணினேன். பதினொன்று. மறுபடியும் எண்ணினேன். இரண்டு நிமிடம் ஆனதும் உபயோகிக்காத பிரஷின் முனையை ஒடித்துக் குப்பிக்குள் போட்டு, மூடியைத் திருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

“என்னக்கா, வலிச்சுச்சா?”

“எறும்பு கடிச்ச அளவுகூட இல்லடி. எடுத்தேனா இல்லையான்னு எனக்கே தெரியல.”

இந்த வசனமும் வாயில் அதுவாக வந்தது. எனக்கு அடுத்து எழுந்தவள் உஷாராணி. பிள்ளைகள் இரண்டு, புருஷன் சேது செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான், வயது முப்பத்தெட்டு. அதிகம் பேசாதவள். “அக்காவே போயிட்டு வந்துட்டாங்க, எனக்கென்ன” என்று குப்பியை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் எல்லாரும் வரிசை கட்டிவிட்டார்கள். மிஸ்ஸி ஷாமளா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அன்று வேனில் திரும்பும்போது பாட்டுக்கூடப் பாடினேன்.

மூன்று வாரத்தில் செய்திகள் வந்தன. என்னுடையதில் ‘மாதிரி போதவில்லை, மீண்டும் எடுக்க வரவும்’ என்றிருந்தது. வெறும் பிரஷை அனுப்பினால் வேறென்ன வரும்! அதே மாலை திலகா கூப்பிட்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்லையாம்க்கா. உங்களுக்கு?”

“எனக்கும் ஒண்ணுமில்ல.”

“எல்லாருக்கும் அப்படித்தான் வந்திருக்கு. உஷாவுக்கு மட்டும் இருக்காம். பாவம் லா. ஆனா, இது படுக்கையில ஒட்டிக்கிறதாம், தெரியும்ல?” கடைசி வரிக்குக் குரலைத் தாழ்த்தினாள். தோட்டத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான் வேகமாகப் பரவும்.

இன்னும் இரண்டு வாரம் கழித்து மிஸ்ஸி ஷாமளா கடைக்கு வந்தாள். எதுவும் வாங்கவில்லை.

“அன்னைக்கு வந்தவங்கள்ல ஒருத்தர் போன் எடுக்க மாட்டேங்கிறாங்க. யாருன்னு நான் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரியில தேதி வாங்கி வச்சிருக்கேன். அடுத்த திங்கள், பதினோரு மணி. இதை விட்டா இன்னும் ரெண்டு மாசம் ஆகும்.”

“போகலைன்னா?”

“சில பேருக்குக் கிருமி தானாப் போயிடும். இது அந்த மாதிரி விடுற ரகம் இல்லக்கா. உள்ள பார்த்தே ஆகணும்.”

நான் சேலைகளை வேனில் ஏற்றவில்லை. வெறும் வேனோடு போனேன்.

உஷாராணி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயப்போட்டவள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். உஷா என்னை உட்காரச் சொன்னாள். தேத்தண்ணி கலக்கி எடுத்து வந்து, கோப்பையைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தாள்.

“குடிப்பீங்களா? திலகாக்கா குடிக்கல. பசியாறிட்டு வந்தேன்னு சொன்னாங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு.”

எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். வாய் சுட்டது.

“உஷா, அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடு. இது புற்றுநோய் இல்ல. வரலாம்னு முன்னாடியே சொல்ற ஒரு கிருமி. நூறு பொம்பளையில எண்பது பேருக்கு ஒரு தடவையாவது வந்திருக்குமாம், மிஸ்ஸி சொன்னிச்சு. பத்து வருஷம், இருபது வருஷம் சும்மா படுத்துக் கிடக்குமாம். யார்கிட்டேர்ந்து வந்துச்சு, எப்ப வந்துச்சுன்னு டாக்டரே சொல்ல முடியாது.”

“அந்த எண்பது பேர் எங்கக்கா?” என்றாள். “இந்தத் தோட்டத்துல ஒருத்தரையும் காணோம்.”

காலிக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

“அவரு என்ன சொல்றார் தெரியுமா? ‘பதினஞ்சு பேர்ல பதினாலு பேருக்கு ஒண்ணுமில்ல, உனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு’ங்கிறார். சத்தம் போடல, அடிக்கல. கேட்டுட்டு ஹால்ல போய்ப் படுத்துட்டார். ரெண்டு வாரமா அங்கதான் படுக்கிறார். என் வாழ்க்கையில அவரைத் தவிர…” நிறுத்தினாள். “நான் எதுக்கு உங்ககிட்ட சத்தியம் பண்ணிட்டிருக்கேன்?”

“நீ சத்தியம் பண்ண வேணாம்.”

“போய் உள்ள பார்த்தா ஆமான்னு ஆயிடும். போகலைன்னா இல்லாமலும் இருக்கலாம்ல? இன்னும் ஒருத்திக்கு, ஒரே ஒருத்திக்கு இருந்திருந்தா நான் போயிருப்பேங்க்கா. ரெண்டு பேரா பஸ் ஏறியிருப்போம்.” கோப்பையை எடுத்தாள். “உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு வந்துச்சாமே. நல்லது. நீங்க நல்லா இருங்க.”

இந்தக் கடைசி வரியில் குத்தல் இல்லை. அதுதான் தாங்கவில்லை. தெரியாமலே இருந்துவிடலாம் என்று நான் அந்த வாத்துகளுக்கு முன்னால் நினைத்ததைத்தான் இவள் இப்போது வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒளிந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தாள், ஆனால் அங்கே நான் இருப்பது தெரியாமல்.

கைப்பேசியை எடுத்து, அந்தச் செய்தியைத் திறந்து அவளிடம் நீட்டினேன். படித்தாள்.

“மாதிரி போதலைன்னு இருக்கு. ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களாமே?”

“பொய்.”

“ஏன் போதலை?”

“நான் எடுக்கவே இல்ல உஷா. உள்ள போய் நின்னுட்டு, பிரஷை அப்படியே ஒடிச்சுப் போட்டுட்டு வந்துட்டேன்.”

கைப்பேசியை என்னிடம் திருப்பித் தந்தாள்.

“அப்ப நான்தான் போணி” என்றாள்.

“ஆமா.”

“உங்களைப் பார்த்துத்தான் நான் எந்திரிச்சேன்.”

“தெரியும்.”

“ஏங்க்கா?”

ஆயிரம் காரணம் சொல்லத் தெரிந்த வாய் இது. “இருக்குன்னு வந்தா சொல்றதுக்கு ஆள் இல்ல” என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. போய்விடச் சொல்வாள் என்று நினைத்தேன், அதையும் சொல்லவில்லை. எழுந்து போய், முந்தின நாள் காய்ந்த துணிகளை எடுத்து வந்து மடிக்க ஆரம்பித்தாள். ஆறேழு துணி மடித்த பிறகு விலை சொன்னாள்.

“நான் போறேன். ஆனா அன்னைக்கே நீங்க முதல்ல எடுக்கணும். என் கண்ணு முன்னால போய், ஒழுங்கா. அப்புறம், நீங்க எடுக்கலைங்கிறதை எல்லாருக்கும் நீங்களே சொல்லணும்.”

“எல்லாருக்கும்னா?”

“எல்லாருக்கும்.”

‘நாகமணி புதுவரவு’ என்ற என் வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள். தீபாவளிக்கு வரும் சேலைகளின் படம் போடுவது அதில்தான். அன்று மாலை கடைக்குத் திரும்பியதும் பொம்மைகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு குரல்செய்தி பதிந்தேன். உஷாவின் பெயரைச் சொல்லவில்லை. என் பெயரைச் சொன்னேன். எடுத்தேன் என்று சொன்னது பொய், பதினைந்தில் பதினாலு பேருக்கு ஒன்றுமில்லை என்ற கணக்கும் பொய், என் குப்பி வெறும் குப்பி, எனக்கு இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது என்றேன். அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஐம்பது. தொண்ணூறு. நூற்று நாற்பது. ஒருத்தியும் ஒரு வார்த்தை எழுதவில்லை. இத்தனை பேர் ஒன்றாக வாயை மூடி நான் பார்த்ததில்லை. வெகுநேரம் கழித்து ஒருத்தி கேட்டாள்: ‘அக்கா போன வாரம் போட்ட மாம்பழக் கலர் இன்னும் இருக்கா?’ சிரிக்கலாமா என்று யோசித்து, கூடச் சிரிக்க யாருமில்லாததால் விட்டுவிட்டேன். பதினேழு பேர் குழுவிலிருந்து விலகிப்போனார்கள். இரண்டு நாள் கழித்துத் திலகா தனியாக எழுதினாள்: ‘பேய்க் கழுதை. நானும் சும்மா ஒடிச்சுப் போடலாம்னுதான் இருந்தேன், உங்களை நம்பித்தான் எடுத்தேன்.’

திங்கட்கிழமை காலை உஷா வேனில் ஏறினாள். முன்னிருக்கையில்தான் உட்கார்ந்தாள். சேது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குரல்செய்தியை அவனும் கேட்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது. தானும் கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் வெயிலுக்கு என்று ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

“காடிய மட்டும் ஓட்டுங்க. பேசாதீங்க” என்றாள் உஷா.

முதலில் கிளினிக். மிஸ்ஸி ஷாமளா என்னையும் உஷாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் புதுக் குப்பியையும் பாரத்தையும் தந்தாள். எழுதி முடித்ததைப் படித்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் விரல் வைத்தாள்.

“அக்கா, இது உங்க கடை நம்பர். அவசரத்துக்கு வேற ஆள் நம்பர் வேணும்.”

கைப்பேசியை எடுத்துத் தள்ளிக்கொண்டே போனேன். மார்பு நாற்பது, கை ஒன்பது. மார்பு முப்பத்து நான்கு. இடுப்பு, தோள், கழுத்து. நானூற்றுப் பதினோரு பேர். எல்லாருடைய அளவும் இருந்தது. கட்டத்தில் எழுத ஒரு பெயர் இல்லை. உஷா பக்கத்து நாற்காலியில் மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தாள். கேட்டிருக்கலாம். கேட்பது எனக்குப் பழக்கமான வேலை. ஆனால் விற்றுவிட்ட பொய்யைத் திருப்பி வாங்கிக்கொண்ட மறு வாரமே இன்னொன்று கேட்க வாய் வரவில்லை.

“காலியா விடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள் ஷாமளா.

இந்தக் கழிவறையில் வாத்துகள் இல்லை. வெள்ளை ஓடு, ஒரு ஆணி, ஆணியில் யாரோ மறந்த தலைமுடி வளையம். நான் சொன்ன பொய் பாதி உண்மைதான், வலிக்கவில்லை. வேலை முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து குப்பியை உஷாவிடம் காட்டினேன். வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், நோட்டு நல்லதா என்று பார்க்கிறவள் போல. பிறகு ஷாமளாவின் தட்டில் அவளே வைத்தாள்.

ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். செகிஞ்சான் வயல்கள், தஞ்சோங் காராங் கடைவரிசை, கோலா சிலாங்கூர் பாலம். ஒரு வார்த்தை இல்லாமல் இத்தனை தூரம் நான் கடந்ததே இல்லை. உள்ளே அவளை மட்டும் அழைத்தார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். எதிரே ஒரு மலாய்க்காரப் பெண்ணும் அவள் அக்காவும் ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

நாற்பது நிமிடம் கழித்து உஷா சுவரோரமாக மெதுவாக நடந்து வந்தாள்.

“கொஞ்சம் மாறியிருக்காம். ஆரம்பந்தானாம். துளியூண்டு எடுத்திருக்காங்க, மூணு வாரத்துல தெரியும். வந்ததே நல்லதாப் போச்சு, இந்த அளவுல எடுத்துப் போட்டுடலாம்னு டாக்டர் சொன்னாங்க.” பாடம் ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “வீட்டுக்குப் போலாம்” என்றாள்.

திரும்பும் வழியில் மறுபடி செகிஞ்சான் வயல்கள். சேது தந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு வந்தாள். வயலுக்கு மேல் கொக்குகள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன.

“அந்தக் கட்டத்துல என் நம்பரைப் போட்டுக்குங்க” என்றாள் திடீரென்று, ஜன்னலைப் பார்த்தபடி.

நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆனா உங்க மேல கோவம் இருக்கு. இன்னும் ஒரு வருஷத்துக்கு இருக்கும்.”

ஆறு மாதம் என்று கேட்கலாம் என நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் எட்டு மாதத்தில் படிந்திருப்பாள். கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டேன்.